வெள்ளிக்கிழமைக் கைகள்

கை முதலில் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

மாரிசெல்வி கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து கடவுச்சொல்லை அடித்தாள். திரை கறுத்தது. வழக்கமான நீல வானம் வருவதற்கு முன்னால், அந்தக் கறுப்புக்குள்ளிருந்து ஒரு கை தெரிந்தது. மணிக்கட்டோடு நின்றுவிட்ட கை. ஐந்து விரல்களும் விரிந்திருந்தன. பச்சைக் கோடுகள் அதைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடின. பக்கத்தில் இன்னொரு கை, பாதி மட்டும்.

அடுத்த நொடி இரண்டும் இல்லை. நீல வானம் வந்துவிட்டது.

"பாத்தியால?" என்றாள் மாரிசெல்வி.

"நான் ஒண்ணும் பாக்கல," என்றான் உஸாமா. அவன் ஏற்கெனவே ஏணியில் பாதி இறங்கியிருந்தான்.

அது தாராவியில் மன்சூர் அலியின் தோல்பைப் பட்டறைக்கு மேலே இருக்கும் மாடி. மாடி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். தகரக் கூரை, ஒரு டியூப்லைட், நிமிர்ந்தால் தலை இடிக்கும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு இரும்பு ஏணியில் ஏற வேண்டும். சுவரோரம் தைத்து முடித்த பைகள் வரிசையாகத் தொங்கும். மழைக்கால இருட்டில் அவை தலைகீழாகத் தூங்கும் வௌவால்களைப் போல இருக்கும்.

அந்தக் கம்ப்யூட்டரும் பல உடம்புகளிலிருந்து வந்ததுதான். வானமாமலை அண்ணன் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு ரிப்பேர் கடையில் வேலை பார்ப்பவன். பங்கார் கடைகளில், அதாவது பழைய சாமான் குவியல்களில், தேடித் தேடிப் பொறுக்கினான். பெட்டி ஓர் ஆபீஸுடையது. திரை இன்னோர் ஆபீஸுடையது. படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டு எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியாது.

எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டி, கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். சந்துப் பிள்ளைகள் ஆறேழு பேர் அதில்தான் வீட்டுப்பாடம் செய்தார்கள். மாரிசெல்வியின் வீட்டில் ஒரே ஒரு போன். அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போனால் ராத்திரிதான் திரும்பும். அவளுக்கு இந்தக் கம்ப்யூட்டரை விட்டால் வேறு கிடையாது.

லினக்ஸ் போட்ட அன்றைக்கே ஒரு சண்டை நடந்தது. வானமாமலையின் கூட்டாளி வெங்கடேஷ், ஆண்டாப் ஹில்லிலிருந்து இதற்காகவே வந்திருந்தான்.

"லினக்ஸுன்னா ஒண்ணு இல்ல பிள்ளைகளா, நூறு இருக்கு," என்றான் வானமாமலை. "தோல் ஒண்ணுதான். ஆனா ஒவ்வொரு பட்டறைக்காரரும் ஒவ்வொரு மாதிரி பை தைக்காங்கல்ல? அத மாதிரி. நான் கொண்டுவந்தது லேட்டஸ்ட்." சிவப்புப் பென்டிரைவைத் தூக்கிக் காட்டினான்.

"கார்டு பழசுடே," என்றான் வெங்கடேஷ். "லேட்டஸ்ட் அதுக்குத் தாங்காது. என்னுதைப் போடு." அவனுடையது நசுங்கிய கறுப்புப் பென்டிரைவ்.

"ஒன்னுது சாக்குப்பை. திறந்தா சாம்பல் கலர்ல ஒரு திரை. அதைப் பாத்தா பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும்."

சிவப்பு ஜெயித்தது. அதில் ஜன்னல்களை மூடினால் ஜெல்லியைப் போல ஆடிக்கொண்டே மறையும். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆனால் கம்ப்யூட்டரை முழுவதும் அணைத்தால், மறுபடி போடும்போது சில சமயம் வெறும் கறுப்புத் திரையோடு நின்றுவிடும். "அணைக்காதீங்க, விட்டுருங்க," என்று சொல்லிவிட்டு வானமாமலை போய்விட்டான்.

இதுதான் கைகள் வருவதற்கு முந்தைய கதை.

அடுத்த வெள்ளிக்கிழமையும் கை வந்தது. இந்த முறை எல்லாரும் பார்த்தார்கள். இரண்டு கைகள், விரல்கள் ஒன்றோடொன்று பின்னியிருந்தன. ஒரு சின்னப் பையன் ஏணியைப் பயன்படுத்தாமலே கீழே போய்ச் சேர்ந்தான். நல்ல வேளை, கீழே தோல் குவியல் இருந்தது.

பயம் வந்துவிட்டால் எல்லாருக்கும் அறிவு வந்துவிடும். சந்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு விளக்கம் இருந்தது.

"கை நிமிந்து இருந்துதா, கவுந்து இருந்துதா?" என்று கேட்டாள் மாரிசெல்வியின் அம்மா பூமாரி.

"போன வாரம் நிமிந்து இருந்துது. இப்படி, உள்ளங்கை தெரிய."

"அப்ப அம்மன்தான். வெள்ளிக்கிழமை வேற." பூமாரி மாடிக்கு ஏறிப்போய்த் திரையின் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டு வந்தாள்.

உஸாமாவின் அம்மா அது ஜின் என்றாள். எதிர்வீட்டுக்காரர் இன்னும் மோசம். "பங்கார்ல வந்த சாமான். கட்டிங் மெஷின்ல கை போன ஆள் எவனாவது வெச்சிருந்திருப்பான். அவன் கையைத் தேடி வருது."

இதைக் கேட்ட பிறகு பிள்ளைகள் யாரும் மேலே போகவில்லை. அம்மாக்கள் கூடிப் பேசினார்கள். முடிவாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வானமாமலை வந்து கம்ப்யூட்டரைக் கழற்றி எடுத்துப்போக வேண்டும். திரும்பவும் பங்காருக்கு.

மாடி மன்சூர் அலியுடையது. அவரிடமும் சொன்னார்கள். அவர் பேச்சுக் குறைந்த மனிதர். சிரிப்பு அதைவிடக் குறைவு. தோலை வெட்டிக்கொண்டிருந்த கத்தி ஒரு நொடி நின்றது.

"எடுத்துட்டுப் போங்க," என்றார். கத்தி மறுபடி ஓடியது.

மாரிசெல்விக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. மறுநாள் உஸாமாவை இழுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

"எனக்கு வயிறு வலிக்கு," என்றான் உஸாமா.

"மேல வந்து வலிக்கட்டும்."

மாடி இருட்டாக இருந்தது. தகரத்தில் மழை யாரோ நகத்தால் கீறுவது போலச் சத்தம் போட்டது. திரையின் குங்குமம் ஈரத்தில் கரைந்து ஒரு கோடாக வழிந்திருந்தது. உஸாமா அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

மாரிசெல்வி பள்ளிக்கூடத்துக்காகப் படம் வரைய வேண்டியிருந்தது. பெரிய சிவப்புச் சூரியன் ஒன்றை வரைந்தாள். வரையும்போதே யோசித்தாள். கை எப்போது வருகிறது? கடவுச்சொல் அடித்து உள்ளே நுழையும்போது. மற்ற நாட்களில் அப்படி நுழைவதே இல்லை. முந்தின பிள்ளை திறந்து வைத்த இடத்தில் அடுத்த பிள்ளை உட்காருவதுதான் வழக்கம். வெள்ளிக்கிழமை மட்டும் எல்லாம் மூடியிருக்கும். யார் மூடுகிறார்கள்?

அவள் முழுவதும் வெளியேறினாள். மறுபடி கடவுச்சொல்லை அடித்தாள்.

திரை கறுத்தது. அந்தக் கறுப்புக்குள் வட்டமாக, சிவப்பாக ஏதோ எழுந்தது. பச்சைக் கோடுகள் அதை அறுத்தன. இரண்டாகப் பிளந்து நின்றது. மறைந்தது.

உஸாமா ஒரு கண்ணைத் திறந்திருந்தான். "ரத்தம்!"

"ரத்தம் இல்லல. என் சூரியன்."

"பேய் எதுக்கு ஒன் சூரியனை வரையணும்?"

"அதான் நானும் கேக்குதேன்."

"அதுக்கும் டிராயிங் ஹோம்வொர்க் இருக்குமோ?"

மாரிசெல்வி மீன் வரைந்தாள். வெளியேறி நுழைந்தாள். மீன் வந்தது, வால் இல்லாமல். உஸாமாவின் பெயரைப் பெரிதாக எழுதினாள். வெளியேறி நுழைந்தாள். பெயர் துண்டு துண்டாக வந்தது.

"என் பேரை ஏன் போட்ட?" என்று கத்தினான் உஸாமா.

"கடைசியா திரையில என்ன இருந்துதோ, அதான் வருது. கரும்பலகையைச் சரியா துடைக்காம விட்டா பழைய எழுத்து தெரியும்ல? அப்படி."

உஸாமாவின் வயிற்றுவலி நின்றுவிட்டது. "அப்ப கை?"

"யாரோ கையைப் பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க. நாம வாறதுக்கு முன்னாடி."

இதைச் சொன்ன பிறகுதான் மாரிசெல்விக்கு உண்மையாகவே முதுகு சில்லிட்டது. பேய் இல்லை, சரி. ஆனால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் வெள்ளிக்கிழமை மத்தியானத்தில், ஆளில்லாத மாடியில், ஒருவர் உட்கார்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒன்று ஞாபகம் வந்தது. உள்ளே நுழையும் திரையில் இரண்டு பெயர்கள் உண்டு. 'பிள்ளைகள்', 'பட்டறை'. கடைசியாக நுழைந்தவரின் பெயர் பளிச்சென்று தெரியும். வெள்ளிக்கிழமைகளில் தெரிந்தது 'பட்டறை'.

மூன்றாவது வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே விடாத மழை. சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறியது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டார்கள். மாரிசெல்வி வீட்டுக்குப் போகவில்லை.

பட்டறையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வேலையாட்கள் சாப்பிடப் போய்விடுவார்கள். தையல் மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. நாள் முழுக்க இரையும் இடம் அப்படி அமைதியாக இருந்தால் காதுக்குள் ஏதோ அடைத்தது போல இருக்கும். பசையின் வாடை மட்டும் கனமாக நின்றது.

மேலே விளக்கு இல்லை. ஆனால் ஏணி ஏறும் ஓட்டை வழியாக நீல வெளிச்சம் துடித்துத் துடித்து வந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தகரக் கூரையில் இரண்டு கைகள் அசைந்தன.

திரையில் பார்த்தவை போலச் சின்னக் கைகள் இல்லை. கூரை முழுவதும் நிறைந்த கறுப்புக் கைகள். விரல்கள் விரிந்தன. மூடின. ஒன்றையொன்று பிடித்தன. நடுங்கின. மறுபடி விரிந்தன. சத்தமே இல்லை.

ஓடியிருக்கலாம். கால்கள் அதைத்தான் கேட்டன. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் ஒரு நாள்தான் இருந்தது. இப்போது ஓடினால் கம்ப்யூட்டரும் ஓடிவிடும்.

அவள் மெதுவாக ஏறித் தலையை மட்டும் உயர்த்தினாள்.

கூரையில் இருந்தவை நிழல்கள். அவற்றுக்குச் சொந்தக்காரர் திரையின் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட லுங்கி. மன்சூர் அலி.

திரையில் ஒரு பெண் பேசாமல் கைகளை அசைத்தாள். மன்சூர் அலி பார்த்து அதேபோலச் செய்தார். பசையும் வெட்டுக்காயமும் ஏறித் தடித்த விரல்கள். சுண்டுவிரல் அவர் சொன்னபடி மடங்கவில்லை. "ச்சே," என்று அதைத் திட்டினார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

ஏணி கிறீச்சிட்டது. மன்சூர் அலி திரும்பினார்.

"எப்ப வந்த பிள்ள?"

"இப்பத்தான் மாமா. மழைன்னு ஸ்கூல் விட்டுட்டாங்க."

"என்ன பாத்த?"

"எல்லாத்தையும் பாத்தேன்."

அவர் திட்டுவார் என்று நினைத்தாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

"ஹாஃபிஸாவுக்குக் காது கேக்காது," என்றார்.

ஹாஃபிஸா அவருடைய மகள். மூன்று வயது. சந்தில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். அப்பனைப் போலவே திமிர் என்று எல்லாரும் சொல்வார்கள். மாரிசெல்வியும் சொல்லியிருக்கிறாள்.

"ரம்ஜானுக்கு முன்னாடியே டாக்டர் சொல்லிட்டாரு. கையால பேசக் கத்துக்கிட்டா அவளுக்குச் சொல்லிக் குடுக்கலாம்னாரு. அவ அம்மாவுக்கும் எனக்கும்தான் தெரியும்."

"மத்தவங்களுக்குத் தெரிஞ்சா என்ன மாமா?"

"ஊமைன்னு கூப்பிடுவாங்க. அந்தப் பேரு ஒட்டிக்கிட்டா, ஹாஃபிஸான்னு ஒருத்தி இருக்கதே மறந்துபோவும்."

தெருமுனையில் இஸ்திரி போடுபவரை எல்லாரும் நொண்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய பெயர் மாரிசெல்விக்குத் தெரியாது.

"நீங்க பாத்து முடிச்சதும் எல்லாத்தையும் மூடிட்டுத்தான போவீங்க?" என்று கேட்டாள்.

"ஒவ்வொரு தடவையும். யாரும் பாக்கக் கூடாதுல்லா?"

"அதான் மாமா விஷயம். நீங்க மூடின பிறகு நாங்க திறந்தா, நீங்க கடைசியா பாத்தது ஒரு நொடி வந்துட்டுப் போவுது."

மன்சூர் அலி திரையின் குங்குமத்தைப் பார்த்தார். "அப்ப ஒங்கம்மா குங்குமம் வெச்சது…"

"அந்த டீச்சருக்கு."

அவர் சிரித்தார். மாரிசெல்வி அவர் சிரித்துப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை எடுத்துட்டுப் போவட்டும். அதான் நல்லது. நான் போன்ல பாத்துக்குவேன்."

"போன்ல விரல் சரியா தெரியுமா?"

"தெரியாது."

"நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன் மாமா. ஆனா கம்ப்யூட்டர் போவாது."

"எப்படி?"

"தெரியல. யோசிக்கணும்," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை வானமாமலை திருப்புளியோடு வந்தான். வெங்கடேஷும் வந்தான், மாரிசெல்வி சொல்லி அனுப்பியதால். அம்மாக்கள் மாடியில் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். இடம் கிடைக்காதவர்கள் ஏணியில் தொங்கினார்கள். மன்சூர் அலி ஹாஃபிஸாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

"கழட்டுறதுக்கு முன்னாடி எனக்குக் கொஞ்ச நேரம் வேணும் அண்ணே," என்றாள் மாரிசெல்வி.

பெரிய சிவப்பு வட்டம் வரைந்தாள். வெளியேறினாள். நுழைந்தாள். கறுப்புக்குள்ளிருந்து பிளந்த வட்டம் எழுந்து மறைந்தது. ஏணியில் இருந்தவர்களில் இரண்டு பேர் இறங்கிவிட்டார்கள்.

"ஓடாதீங்க. அது நான் வரைஞ்சதுதான். இப்ப பூ வரையுதேன், பாருங்க."

பூ வந்தது. வானமாமலை தலையைச் சொறிந்தான். "அட. பழைய கார்டு, அதோட மெமரியைத் துடைக்காமலே குடுக்கு. நான் போட்ட லினக்ஸ், கார்டு துடைச்சிருக்கும்னு நம்பி அப்படியே வாங்கிக்கிடுது. ரெண்டுக்கும் ஒத்துப்போகல."

"வெங்கடேஷ் அண்ணன் லினக்ஸைப் போட்டா?"

"சாக்குப்பையா?"

"போட வேண்டாம் அண்ணே. பென்டிரைவ்ல இருந்தே ஓட்டிப் பாக்கலாம்னு நீங்கதான சொன்னீங்க? பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."

கறுப்புப் பென்டிரைவைச் சொருகினார்கள். சாம்பல் நிறத் திரை வந்தது. எதுவும் ஆடவில்லை. மாரிசெல்வி வட்டம் வரைந்தாள். வெளியேறினாள். நுழைந்தாள்.

கறுப்பு. வெறும் கறுப்பு. பிறகு சாம்பல்.

மறுபடி செய்தாள். முழுவதும் அணைத்துவிட்டும் போட்டுப் பார்த்தாள். கறுப்பில் நிற்கவும் இல்லை, பேயும் வரவில்லை. வெங்கடேஷ் வானமாமலையைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"சரிடே, சரி. பல்லைக் காட்டாத," என்றான் வானமாமலை.

எல்லாம் முடிந்தது என்று மாரிசெல்வி நினைத்தாள். முடியவில்லை.

"வட்டம் நீ வரைஞ்ச, சரி," என்றாள் பூமாரி. "அப்ப கையை வரைஞ்சது யாரு?"

மழை மட்டும் தகரத்தைக் கீறியது.

"யாரோ பாத்த வீடியோம்மா."

"யாரு பாத்தா? ஆளில்லாத மாடியில?"

"அது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"அது என் விஷயம் இல்ல."

"பாத்தியளா!" என்றார் எதிர்வீட்டுக்காரர். "பிள்ளையையே பிடிச்சிருக்கு. கழட்டுப்பா, கழட்டி எடு."

வானமாமலை திருப்புளியைக் கையில் எடுத்தான். மாரிசெல்வி தரையைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், கம்ப்யூட்டர் நின்றுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டாள். மன்சூர் அலி நின்ற பக்கம் அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை.

முதல் திருகாணி கழன்றது. இரண்டாவதில் திருப்புளி ஏறியது.

"நான்தான் பாத்தேன்," என்றார் மன்சூர் அலி.

எல்லாரும் திரும்பினார்கள்.

"எம் மகளுக்குக் காது கேக்காது. கையால பேசக் கத்துக்கிட்டு இருக்கேன்." ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "அவ பேரு ஹாஃபிஸா. வேற பேரு எதாவது சொல்லுத ஆளு என் ஏணியில ஏற வேண்டாம்."

எதிர்வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். பூமாரி முன்னால் வந்து சேலை முந்தானையால் திரையின் குங்குமத்தை அழுத்தித் துடைத்தாள்.

"அப்ப அம்மன் இல்லையா," என்றாள். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வானமாமலை கழற்றிய திருகாணியைத் தேடித் திரும்ப மாட்டினான். கறுப்புப் பென்டிரைவில் இருந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்கினான். அம்மாக்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். பிள்ளைகள் மட்டும் மன்சூர் அலியைச் சுற்றி நின்றார்கள்.

"'பசிக்கு'ன்னு எப்படி மாமா சொல்லணும்?" என்று கேட்டான் உஸாமா.

அவர் காட்டினார். உஸாமா செய்தான். ஹாஃபிஸா அவனைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். அப்பாவின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி வந்து, அவன் விரல்களைப் பிடித்துச் சரியாக மடக்கிவிட்டாள்.

"நீ செஞ்சதுக்கு வேற அர்த்தம் போல," என்றார் மன்சூர் அலி.

"என்ன அர்த்தம்?"

"அவளத்தான் கேக்கணும்."

ஹாஃபிஸா இப்போது மாரிசெல்வியைப் பார்த்தாள். இரண்டு முஷ்டிகளைத் தன் காதுகளுக்குக் கீழே வைத்துக் கீழ்நோக்கி இழுத்தாள். பதில் வரவில்லை என்றதும் காலைத் தரையில் உதைத்துவிட்டு, மறுபடி இழுத்தாள்.

"என்ன மாமா சொல்லுதா?"

மன்சூர் அலி யோசித்தார். "நான் பாத்த வீடியோ எதுலயும் இது இல்லையே."

உஸாமாதான் முதலில் சிரித்தான். "ஒன் ரெட்டைச் சடை! அவ ஒனக்குப் பேரு வெச்சிருக்கா. ஒன்னத்தான் கூப்பிடுதா!"

"என்ன?" என்று கேட்க மாரிசெல்வி வாயைத் திறந்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு கையைத் தூக்கினாள்.